‘சாவ்’ கொண்டுவந்த தெரேஸ் ஆச்சி

சைகோனில் டான் சோன் நாட் விமான நிலையத்தை ஒட்டிய சரக்கு அலுவலகத்தில் அன்று காலை நான் பழப்பெட்டிகளுக்கான பட்டியலைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கைப்பேசியில் தெரேஸ் ஆச்சியின் மகள் லானிடமிருந்து ஒரு வரி வந்தது. “அம்மா போய்விட்டார்.” வியட்நாமியத்தில் இருந்த அந்த வரியை மூன்று முறை படித்தேன். சந்தைக்குப் போய் மீன் வாங்கி வந்து, நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம். இதயம் நின்றுவிட்டது என்றார்கள்.

தெரேஸ் ஆச்சியைப் புற்றுநோய் கொண்டுபோகவில்லை. ஆச்சி இருந்தால் இதைத்தான் முதலில் எழுதச் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். மார்பில் கட்டி வந்து, அறுவை செய்து, மருந்தேற்றி, அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, எழுபத்தைந்து வயதில் கையில் மீன் வாசனையோடு போனார்கள்.

அவர்களை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காரைக்காலிலிருந்து வந்த ஒரு துறைமுக எழுத்தரின் மகளாகச் சைகோனில் பிறந்தவர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் போர் முடிந்து ஊர் கைமாறிய பிறகு அண்ணன் தம்பிகள் எல்லோரும் பிரான்சுக்குப் போனார்கள். இவர்கள் மட்டும் கான் ஹொய் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய வியட்நாமியரை மணந்து, அதே சந்தில், அதே வீட்டில் இருந்துவிட்டார்கள். தையல் ஆலையில் வேலை. தமிழ் பேச ஆளில்லாமல் பல வருடங்கள். மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் த்ருவோங் டின் தெருவில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் வருவார்கள். “தமிழ் காதுல விழும்ல, அதுக்குத்தான். மாதா கோவிச்சுக்க மாட்டா” என்பார்கள்.

நான் அவர்களைச் சந்தித்ததும் அங்கேதான். எனக்கும் மார்பில் அறுவை சிகிச்சை முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. தேவகோட்டையில் இருக்கும் என் அம்மாவுக்குக்கூட நான் சொல்லவில்லை. கம்பிக்கு அப்பாலிருந்து பூசாரி குங்குமம் நீட்டினார். நான் இடது கையால் வாங்கினேன். பக்கத்திலிருந்த யாரோ முகம் சுளித்தார்கள். எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மெல்லக் கேட்டது.

“வலது கை மேல வரலையாம்மா?”

திரும்பினேன். குட்டையான உருவம், வெட்டிய நரைமுடி, வியட்நாமியக் கால்சட்டை, சுத்தமான தமிழ்.

“அந்தப் பக்கந்தானா? எனக்கு இடது” என்றார்கள்.

எனக்குக் கோபம் வந்தது. மறைத்து வைத்ததை யாரோ கூட்டத்தில் அவிழ்த்துவிட்டதுபோல. வாசலுக்குப் போய்விட்டேன். அவர்கள் பின்னாலேயே வந்து என் செருப்பைத் தேடி எடுத்துக் காலடியில் வைத்தார்கள். அப்போதுதான் அழுதேன். “வேண்டாம் ஆச்சி, நீங்க எடுக்கக்கூடாது” என்றேன். எங்கள் பக்கத்தில் வயதில் பெரிய பெண்களை ஆச்சி என்போம். அந்தச் சொல் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

அடுத்த வாரமே வீட்டுக்கு வந்தார்கள். சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, “விரலால ஏறு. எறும்பு ஏறுதுல்ல, அப்புடி. வலிச்சா நில்லு” என்றார்கள். என் விரல்கள் மார்பு உயரத்தோடு நின்றன. அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டார்கள். வீட்டுக்காரம்மா திட்டுவார் என்றேன். “அவகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார்கள்; பேசவும் செய்தார்கள்.

மருந்தேற்றத் தொடங்கியதும் ரசத்தின் வாசனையே குமட்டியது. மூன்றாவது முறைக்குப் பிறகு போதும், இனிப் போகமாட்டேன் என்று முடிவு செய்து படுத்திருந்தேன். கதவைத் திறந்து உள்ளே வந்தவர்கள் உற்சாகமாகச் சொன்னார்கள்: “மீனா, உனக்கு சாவ் கொண்டாந்திருக்கேன்!”

நான் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தேன். அவர்கள் கையில் தூக்குவாளி. வியட்நாமியத்தில் சாவ் என்றால் அரிசிக் கஞ்சி. தாம் சொன்னது தமிழ்க் காதில் எப்படி விழும் என்பது அவர்களுக்கும் அப்போதுதான் உறைத்தது. “ட்ரோய் ஒய்!” என்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நோய் தெரிந்த நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. “முழுசும் வேணாம். மூணு கரண்டி மட்டும்” என்றார்கள். ஐந்து குடித்தேன். நான்காவது முறை மருந்தேற்றவும் போனேன்.

அந்த நாட்களில் என் கணவர் அண்ணாமலை கூடத்தில் பாய் விரித்துப் படுக்க ஆரம்பித்திருந்தார். என் உடம்பைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றே நான் நினைத்தேன். கேட்க வாய் வரவில்லை. ஆச்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை வைத்துக்கொண்டே அவரிடம் கேட்டார்கள்.

“தம்பி, ஏன் தனியாப் படுக்குறீங்க?”

அவர் மூலையில் கிடந்த பாயை எடுத்துச் சுருட்டினார். பிறகு, “தூக்கத்துல கை பட்டுருமோன்னு பயமா இருக்கு ஆச்சி. தையல் பிரிஞ்சிருமோன்னு…” என்றார்.

“தையல் எப்பவோ ஆறிப்போச்சு. அவகிட்ட கேட்டீங்களா?” என்றார்கள் ஆச்சி. எங்கள் இருவரையும் விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவினார்கள், தேவைக்கு மேல் சத்தமாக.

சிகிச்சை முடிந்த அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் கழிப்பறைக்குப் போய்த் தாழிட்டுக்கொண்டேன். அதுவரை ஊசி, பரிசோதனை, மருத்துவர் என்று யாராவது என்னைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். இனி யாருமில்லை. இருமல் வந்தாலும் அதுதானோ, முதுகு வலித்தாலும் அதுதானோ. ஆச்சியிடம் சொன்னபோது அவர்கள் வியப்படையவில்லை. “கைதட்டுற நாள்லதான் ரொம்பத் தனியா இருக்கும். நாளைக்கு விடிகாலைல பாலத்துக்கு வா” என்றார்கள்.

கான் ஹொய் பாலத்தில் ஐந்து பெண்கள் காத்திருந்தார்கள். எல்லோரும் இதே நோயின் வழியில் போய் வந்தவர்கள். பாலத்தில் ஏறும்போது அவரவர் பயத்தைச் சொல்லலாம், இறங்கும்போது சொல்லக்கூடாது. இறங்கினால் சாப்பாட்டுப் பேச்சு மட்டும். ஆச்சி வைத்த சட்டம் அது. முதல் நாள் பாதிப் பாலம்கூட என்னால் முடியவில்லை. யாரும் தைரியம் சொல்லவில்லை. நின்றார்கள், நான் மூச்சு வாங்கும்வரை ஆற்றைப் பார்த்தார்கள். ஒருவருக்குப் பரிசோதனை நாள் என்றால் இன்னொருவர் கூடப் போவார். இதுவும் சட்டம்தான்.

ஆச்சி தவறே செய்யாதவர் அல்லர். வியட்நாமியப் புத்தாண்டான தெத் பண்டிகை ஒன்றுக்கு முன் என் வலது கை வீங்கியது. “இன்னும் கொஞ்சம் பயிற்சி பண்ணு, வடிஞ்சிரும்” என்றார்கள். பண்ணினேன், மோதிரம் கழற்ற முடியாத அளவுக்கு வீங்கிவிட்டது. மருத்துவர் பார்த்துவிட்டு, முதலிலேயே வந்திருக்க வேண்டும் என்று சொல்லி, இறுக்கமான கையுறை ஒன்றை முழங்கைக்கு மேல்வரை அணியச் சொன்னார். வெளியே வந்ததும் ஆச்சி வராந்தாவில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

“எனக்கு நல்லாச்சுன்னா உனக்கும் அப்புடியே ஆகும்னு நெனச்சுட்டேன். உன் ஒடம்பு வேற. என்னை மன்னிச்சிரு மீனா.”

எழுபது வயதில் ஒருவர் அப்படி மன்னிப்புக் கேட்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் ஆச்சியின் முதல் கேள்வி, “டாக்டரைக் கேட்டியா?” என்பதாயிற்று.

அடக்கத்துக்கு முந்தைய நாள் அந்தச் சந்து கொள்ளாத கூட்டம். லான் வெள்ளைத் துணி கட்டி வாசலில் நின்றாள். அண்ணாமலை வந்தவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாலத்துப் பெண்கள் ஐவரும் பூக்களை அடுக்கினார்கள். ஓரத்து நாற்காலியில், தலையில் துணி சுற்றிய ஒரு பெண் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கலாம். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அவங்களை ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கேன்” என்றாள் வியட்நாமியத்தில். “செவ்வாய்க்கிழமை எனக்கு மூணாவது மருந்து. கூட வர்றதாச் சொல்லியிருந்தாங்க.”

அவள் பெயர் ஹான். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன்.

ஆச்சி, செவ்வாய்க்கிழமை நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். மருத்துவமனைக் கூடத்தில் ஹானின் பெயரைக் கூப்பிட்டதும் நாங்கள் இருவரும் ஒன்றாக எழுந்தோம். அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள், பிடி இறுக்கமாகத்தான் இருந்தது. உங்களுக்குக் கவலை வேண்டாம். நிம்மதியாகப் போய் வாருங்கள்.