கிராணியின் தொப்பி

போன மாதம் சுங்கை பட்டாணியில் எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதிய பழைய கிராணியின் மகன் கட்டிய புது வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு வெள்ளைத் தொப்பி. "ஜப்பான்காரன் முன்னாலகூட எறங்காத தொப்பி அக்கா இது. அப்பாவோடது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தத் தொப்பியை அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்போது செமிலிங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்துக்கொண்டிருந்தோம். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். அவர் நாற்காலியில் கிராணி உட்கார்ந்துகொண்டார். விட்டுப்போன தொப்பியையும் எடுத்து மாட்டிக்கொண்டார். தலைக்குப் பெரிது, நடந்தால் காதில் வந்து உட்காரும். அந்தக் கோலத்துக்கும் நாங்கள் குடையை மடக்கி ஒதுங்கி நிற்க வேண்டும். சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் கேட்டபோது கை காட்டியவரும் அவர்தான். என் வீட்டுக்காரரையும் காட்டினார். மறுநாள் காலை லாரி. நான் போய் அழுததும், பட்டணத்து ஜப்பான் அதிகாரியிடம் தானே பேசி நிறுத்துவதாகச் சொன்னார். நான் வளர்த்த இரண்டு சேவல்களைத் தூக்கிக்கொண்டு கூட வந்தால் போதுமாம்.

சுங்கை பட்டாணியை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சீனர் கடைகள் பாதிக் கதவு சாத்தியிருந்தன, வாசலுக்கு வாசல் ஜப்பான் கொடி. மலாய்ப் பெண்கள் அவித்த மரவள்ளிக்கிழங்கு விற்றார்கள். நம் தமிழ் மளிகைக்காரர் அரிசியை உள்ளே பதுக்கிவிட்டு, கிழங்கு மாவுதான் இருக்கிறது என்று சாமி படத்தைக் காட்டிச் சத்தியம் செய்தார். இடித்துக்கொள்வதும் ஏசிக்கொள்வதுமாக எத்தனை பாஷை! காவல் சாவடி வந்ததும் அத்தனை வாயும் அடங்கி, எல்லா முதுகும் ஒன்றுபோல வளைந்தன. இதற்கா பட்டணம் பட்டணம் என்று பீற்றிக்கொண்டார்கள் என்றிருந்தது.

கிராணி புறப்படும் முன் வீட்டுக்குள் குனிந்து குனிந்து பழகினாராம். ஆனால் சாவடிச் சிப்பாயைக் கண்டதும் துரையிடம் பழகிய உடம்பு முந்திக்கொண்டது. நிமிர்ந்து நின்று, தொப்பியைக் கழற்றி, "குட்மார்னிங் சார்" என்றார். விட்டான் ஓர் அறை. தொப்பி சாக்கடையில் போய் விழுந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எனக்குக் கண்ணைக் காட்டினார். என் வீட்டுக்காரர் உயிர் அந்த ஆளின் நாக்கில் அல்லவா இருந்தது. சேவல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சாக்கடையில் இறங்கி எடுத்தேன். முந்தானையால் துடைத்தும் கொடுத்தேன்.

ஆபீசுக்குள் அதிகாரி, என்ன விஷயம் என்று மலாயில் கேட்டார். கிராணி என் பக்கம் திரும்பவே இல்லை. ஒன்றுமில்லை துவான், சேவல் கொடுக்கத்தான் வந்தேன் என்று மலாயிலேயே குழைந்தார். அந்த அளவு மலாய் எனக்கும் தெரியும். நான் வாயைத் திறந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு, "சும்மா இரு. என்னையும் சேத்து அனுப்பிருவான்" என்றார். சேவல்களை வாங்கிக்கொண்டு எங்களை வெளியே தள்ளினார்கள். விடிந்ததும் என் வீட்டுக்காரர் லாரி ஏறினார். அதோடு சரி, ஒரு சேதியும் வரவில்லை. சண்டை முடிந்து புதுத் துரை வந்தபோது, கிராணி அதே தொப்பியைக் கழற்றி சலாம் போட்டு அதே வேலையில் இருந்தார். தூ என்று வந்தது.

மகன் இன்னும் பெட்டியருகிலேயே நின்றார். தொப்பியைத் திருப்பிக் காட்டச் சொன்னேன். உள்பக்கம் கருப்பாகக் கறை படிந்திருந்தது. அப்பாவின் வேர்வை என்றார்.

"வேர்வை இல்ல தம்பி, சாக்கடை. எறங்கி எடுத்தவ நான்தான். எங்க வீட்டுக்காரரோடது, பொட்டியில வைக்க ஒண்ணும் மிஞ்சல."