பொட்டு வைத்த ஃபிளாப்பி

எண்பதுகளின் கடைசியில் தர்மபுரிக் கல்லூரி ஒன்றில், உயிரியலில் கணினி பற்றி ஒரு கருத்தரங்கு. இரண்டு புரதங்களின் அமினோ அமில வரிசைகளை எழுத்தெழுத்தாக ஒப்பிடும் என் நிரல் ஒரே ஒரு ஃபிளாப்பியில் இருந்தது. அதை ஓட்டிக் காட்டினால்தான் தவளை அறுப்பதை விட்டுக் கணினிப் பக்கம் போக எங்கள் விலங்கியல் துறைத்தலைவர் அனுமதிப்பார். கருத்தரங்குக்குச் சில நாள் முன்புதான் எங்கள் ஆய்வகத்தில் ஆயுத பூசை நடந்திருந்தது.

"உங்க ஃபிளாப்பிக்கும் சந்தனம் குங்குமம் வெச்சுட்டனுங்க சார்," என்றார் ஆய்வக உதவியாளர். "உள்ள பளபளன்னு தெரிஞ்சுது, அங்கியே வெச்சுட்டனுங்க."

நிரல் பதிந்திருந்த காந்தத் தகடே அந்தப் பளபளப்புதான்; கணினி ஃபிளாப்பியைப் படிக்க மறுத்தது. இரு வரிசைகளையும் கரும்பலகையில் எழுதினேன். எழுத்து பொருந்தும்போதெல்லாம் அரங்கமே "ஆமா" என்று கத்தியது, எல்லாரையும்விடச் சத்தமாகத் துறைத்தலைவர். "கம்ப்யூட்டர் இல்லாமயே ஓட்டிட்டீங்களே, போங்க," என்று அனுமதியும் தந்தார்.

இன்று கணினி அதை நொடியில் முடிக்கிறது. "ஆமா" சொல்லத்தான் ஆளில்லை.