யோபுவுக்குச் சொன்னது அன்னாளுக்குப் போதவில்லை

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளியவள் அன்னாள். 1954 ஆடி மழையில், தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மேடு சரிந்து, அவள் கணவன் தானியேலும் மகள் ரோசியும் வீட்டோடு புதைந்து போனார்கள். அன்னாள் அப்போது அரிசி வாங்கப் போயிருந்தாள். அந்த மேட்டின் மரங்களை விறகுக்காக நிர்வாகம் முந்தின வருஷம்தான் வெட்டியிருந்தது.

அடக்கத்தில், தோட்டத்துச் சபையை நடத்திவந்த உபதேசியார் பவுல்ராஜ், "கர்த்தருடைய சித்தம்..." என்று ஆரம்பித்தார்.

"மரத்த வெட்டுனது கர்த்தரா?" என்றாள் அன்னாள். யாரோ அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். உதறினாள்.

பவுல்ராஜ் கெட்ட மனிதர் அல்ல. அடுத்த வாரம் வேதத்தோடு வந்து யோபுவின் கதையை வாசித்தார். பிள்ளைகளையும் உடல் சுகத்தையும் இழந்த யோபு ஏன் என்று கேட்கிறான். கடவுள் பெருங்காற்றுக்குள்ளிருந்து, பூமியை நான் உண்டாக்கும்போது நீ எங்கே இருந்தாய் என்று திருப்பிக் கேட்கிறார்.

"யோபு வாயைப் பொத்திக்கிட்டான், தாயி. நாமளும் அப்படித்தான் அடங்கணும்."

"எம் புள்ளைய எதுக்கு எடுத்தீருன்னு கேட்டா, பூமிய எப்படிப் பண்ணுனேன் தெரியுமாங்காரு. இது பதிலா ஐயா?"

"மனுஷ புத்திக்கு எட்டாதும்மா."

"எட்டாமலே போகட்டும். ஆனா கேட்டவன் தலையில இடி விழலையே. வந்து பேசுனாருல்லா? அப்போ கேக்கலாம். நான் கேப்பேன்."

பவுல்ராஜ் வேதத்தை மூடிக்கொண்டு கிளம்பினார்.

மழை ஓய்ந்ததும் அதே மேட்டடியில் லயத்தைத் திரும்பக் கட்ட நிர்வாகம் கல் இறக்கியது. அன்னாள் போய் அந்தக் கல்குவியலின்மேல் உட்கார்ந்தாள். வேலைப் பதிவேட்டிலிருந்து பேரை வெட்டிவிடுவேன் என்று கங்காணி மிரட்டினார்.

"வெட்டும். மரத்தயே வெட்டியாச்சு."

மறுநாள் இன்னும் சில பெண்கள் அவளோடு உட்கார்ந்தார்கள். அவளுக்குப் புத்தி சொல்லும்படி மேனேஜர் உபதேசியாரை அனுப்பினார். அவர் வந்து, சரிந்து கிடந்த மண்ணைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு மேனேஜரிடம் திரும்பிப் போய், "அவ எந்திரிக்க மாட்டா தொர. எந்திரின்னு சொல்ல எனக்கும் வாய் வரல" என்றார்.

லயம் ஓடைக்கு அந்தப் பக்கம் சமதரையில் எழுந்தது. அன்னாளுக்கு அதில் வீடில்லை, வேலையும் போயிற்று. வண்டன்மேட்டுக்குப் போய் ஏலக்காய்த் தோட்டத்தில் சேர்ந்தாள்.

அங்கேயும் ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போனாள். எல்லோரும் முழங்காலிடும்போது அவள் மட்டும் நின்றுகொண்டிருப்பாள். ஏன் என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்.

"ரோசி என்ன செஞ்சான்னு அவரு சொல்லட்டும். அப்புறம் மண்டி போடுதேன்."