நான் மாற்றிச் சொன்ன சாட்சி

நான் ஆலயத்தில் நின்று பொய் சொன்னேன். இன்னொருவர் சொன்னதாகச் சொன்னேன். அதை நம்பிய ஒருத்தி இன்று வாய் பேச முடியாமல் இருக்கிறாள்.

உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரருக்கும் இது தெரியாது.

நான் ஏழாம் வகுப்புவரை படித்தவள். யாங்கோனில் பசுந்தாங் பேட்டையில் குடியிருக்கிறோம். வெள்ளைக்காரர் வீடுகளில் சமைத்துச் சமைத்துத்தான் இங்கிலீஷ் பழகினேன். கடைசியாக வேலை பார்த்தது நார்வே நாட்டு அம்மா ஒருவரிடம். கணவரின் உத்தியோகத்துக்காக இங்கே வந்தவர். முன்பு பெரிய ஆப்பரா பாடகி. கதை முழுவதையும் மேடையில் பாடியே நடிப்பார்கள், அது. எங்கள் சபையின் பாடகர் குழுவுக்குச் சும்மாவே சொல்லிக் கொடுத்தார். டீச்சரைப் பர்மிய வழக்கத்தில் சயாமா என்போம். அவரும் எங்களுக்குச் சயாமா ஆனார்.

அவருக்காக நான் எத்தனை ஸ்தோத்திரம் சொன்னாலும் போதாது. என்னைத் தன்னோடு மேசையில் உட்கார வைத்துச் சாப்பிட்டவர். நான் சமைக்கும்போது பக்கத்தில் நின்று தன் கதையைச் சொல்வார். மீன்பிடிக்கிற தீவில் பிறந்தது, மரத்தால் கட்டிய கோவிலில் முதலில் பாடியது, பத்தொன்பது வயதில் பட்டணம் போய்ச் சலவைக்கடையில் வேலை செய்துகொண்டே பாட்டுப் படித்தது, முதல் நாடகத்தில் விளக்கைத் தூக்கி வருகிற வேலைக்காரி வேஷம்... அப்புறம் பல தேசத்து மேடைகளில் ராணி வேஷம். ஒருநாள் அந்த ராணி பாடுகிற உச்ச சுரத்தை அடுப்படியில் பாடிக் காட்டினார். நான் அகப்பையை வைத்துவிட்டு, ஜெபத்துக்குப் போடுவதுபோல் முக்காடு போட்டுக்கொண்டேன்.

அவர் ஊர் திரும்புகிற வாரம், நன்றி ஆராதனையில் அவரைச் சாட்சி சொல்லும்படி கேட்டார்கள். எங்கள் சபைப் போதகர் ஐயருக்கு இங்கிலீஷ் வராது. அவர் சொல்வதை நான்தான் தமிழில் சொல்ல வேண்டும்.

எங்கள் சாட்சிகளுக்கென்று ஒரு போக்கு உண்டு. துன்பம் வரும், உபவாசமிருந்து ஜெபிப்போம், அற்புதம் நடக்கும். சயாமா அந்தப் போக்கில் சொல்லவில்லை. மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதே குரல் அறுந்தது என்றார். தொண்டையில் கட்டி இருந்ததை டாக்டர் அறுத்து எடுத்தார், ஒரு வருஷம் குழந்தைபோல முதலிலிருந்து பாடப் பழகினேன் என்றார். "அந்த வருஷம் நான் ஜெபிக்கவே இல்லை. கடவுள்மேல் கோபமாக இருந்தேன். அந்த டாக்டருக்குத்தான் என் நன்றி. உங்களில் யாருக்காவது தொண்டை சரியில்லை என்றால் சீக்கிரம் டாக்டரிடம் போங்கள்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"நாற்பது நாள் உபவாசம் இருந்தேன். கத்தி படாமலே கர்த்தர் என் குரலைத் திருப்பித் தந்தார்."

ஏன் சொன்னேன்? என் சனங்கள் அவரைக் குறைவாக நினைத்துவிடுவார்கள் என்றா? தேவனுடைய நாமத்தை நான் காப்பாற்ற வேண்டுமா... அவர் என்னைக் கேட்டாரா? சபையே அழுதது. அது எனக்குப் பிடித்திருந்தது. ஆம், பிடித்திருந்தது!

எல்லாரும் கண்ணைத் துடைப்பதைப் பார்த்துச் சயாமா என் கையைப் பிடித்தார். "நன்றாகச் சொன்னாய்" என்றார்.

மறுநாள் ஸ்டெல்லா வீட்டுக்கு வந்தாள். பாடகர் குழுவில் முன்வரிசைக்காரி. அவள் தொண்டையிலும் ஒரு கட்டி, அதை எடுக்க ஆஸ்பத்திரியில் நாள் குறித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும்.

"எஸ்தரு, நான் கத்தி வைக்கப் போறதில்ல. சயாமாவுக்குச் செஞ்சவரு எனக்குச் செய்ய மாட்டாரா?"

"டாக்டரு சொன்னா கேளேன்டி."

"நல்லாருக்கே! மைக்கப் புடிச்சி நீயேதான் சொன்ன. ஒன் விசுவாசம் என்ன, ஞாயித்துக்கெழமைக்கு மட்டுந்தானா?" என்று சிரித்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். சொன்னால் சயாமா முகத்தில் எப்படி விழிப்பேன், சபையில் எப்படி நிற்பேன் என்று நினைத்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

எட்டு மாதம் வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தாள். மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது அது புற்றாக முற்றியிருந்தது. குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் ஒரு துளை. அதன் வழியாகத்தான் மூச்சு.

"மொதல்லயே வந்திருந்தா கொரலு தப்பியிருக்குமாம், எஸ்தரக்கா" என்றார் அவள் புருஷன்.

கிறிஸ்துமஸுக்குச் சயாமாவிடமிருந்து போனில் வாழ்த்து வரும். ஸ்டெல்லா பாடுகிறாளா என்று கேட்டிருப்பார். சுகமாக இருக்கிறாள் என்று எழுதுவேன். அது பொய்யா, மெய்யா?

ஆனால் உயிரோடு இருக்கிறாளே... காலையில் கண் விழித்ததும் என் முதல் ஸ்தோத்திரம் அதற்குத்தான்.

வருஷாவருஷம் நன்றி ஆராதனைக்கு ஸ்டெல்லா தன் சாட்சியைத் தாளில் எழுதி வருகிறாள். வாசிக்கச் சொல்லி அதை என்னிடம்தான் கொடுக்கிறாள். இந்த வருஷமும் அவள் பக்கத்தில் நின்று வாசித்தேன்.

"குரல் போனாலும் உயிரைத் தந்தீரே, ஸ்தோத்திரம். எனக்கு விசுவாசத்தைக் காட்டிய எஸ்தரை ஆசீர்வதியும்."

ஒரு சொல்லையும் மாற்றாமல் வாசித்தேன். சபை ஆமென் என்றது. தாளை மடித்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை, நீயே வைத்துக்கொள் என்பதுபோல் என் விரல்களை அதன்மேல் மூடினாள்.

இதோடு நாலு தாள். என் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கங்கள் வந்தால் திறக்காமல் தாண்டிப் போகிறேன்.