நகத்துக்கு வராத பெயிண்ட்

என் அண்ணி பெயிண்ட் அடித்து விற்ற பதினெட்டுச் சாமான்களையும் வாங்கியது ஒரே ஆள். அப்போதே எனக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். தைக்கவில்லை. அடுத்தவர் வீட்டில் உப்பு கூடினால்கூட மோப்பம் பிடிக்கிற எனக்கு, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் புத்தி புல் மேயப் போய்விட்டது.

அண்ணி ஆஸ்பத்திரியில் வார்டு ஆயா. இருபத்திரண்டு வருஷமாகக் கட்டில் தள்ளுகிறாள், விரிப்பு மாற்றுகிறாள், தரை துடைக்கிறாள். வயதில் என்னைவிட நான்கு வருஷம் சின்னவள். முறைக்கு அண்ணி என்று கூப்பிடுவேன், பேசுவது நீ, வா, போதான். அவர்கள் மாடியில், நாத்தனார் நான் கீழே. என் அண்ணன் டிரைவர். யாராவது கூப்பிட்டால்தான் அவனுக்கு வேலை. அண்ணியின் சம்பளத்தில்தான் அந்த வீட்டு அடுப்பு எரிகிறது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் செய்த காரியத்தின் கனம் இதை வைத்துத்தான் தெரியும்.

வாரத்தில் ஒரு நாள் அவளுக்கு லீவு. மற்றவர்கள் என்றால் கால் நீட்டிப் படுப்பார்கள். இவள் தலையில் ஒரு பாலிதீன் பை, மூக்கில் முகமூடி, உடம்பில் என் அண்ணனின் கிழிந்த மழைக்கோட்டு என்று மொட்டை மாடிக்கு ஏறிவிடுவாள். ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கினால் உள்ளே இருக்கிற கோலி கடகடவென்று தெருமுனை வரை கேட்கும். அப்புறம் ஒரு நீள புஸ். தெருப் பிள்ளைகள் அவளுக்குப் புஸ் அக்கா என்றே பெயர் வைத்துவிட்டார்கள். காயப்போட்ட என் வெள்ளைப் போர்வையில் ரோஸ் புள்ளி விழுந்த அன்று நான் வைத்த பெயர்கள் வேறு, அவற்றை இங்கே எழுத முடியாது.

பழைய சாமான் கடையில் அவள் பொறுக்குவதைப் பார்க்க வேண்டும். நாற்காலியின் காலை விரல் முட்டியால் தட்டிவிட்டுக் காதைச் சாய்ப்பாள். எந்த ஸ்ட்ரெச்சருக்கு எந்தச் சக்கரம் தகராறு என்று சத்தத்திலேயே சொல்கிறவள் அல்லவா? கறை பிடித்து, கைப்பிடி போய், யாரும் சீண்டாமல் கிடக்கும் ஒன்றைத் தூக்கி வருவாள். ஆடுகிற மூட்டுகளைப் பிரித்துப் பசை வைத்துக் கயிற்றால் இறுக்குவாள். ஓட்டைகளுக்குப் பட்டி பார்ப்பாள், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாள், ஈரத்துணியால் ஒரு தூசு இல்லாமல் துடைப்பாள். ப்ரைமர் மட்டும் மூன்று தடவை. ஒரு முழம் தள்ளி நின்று, பனி மாதிரி மெல்லிசாக. ஒன்று நன்றாகக் காயாமல் அடுத்ததைத் தொடமாட்டாள். அதற்கு மேல்தான் நிறம். சாமானைத் தலைகீழாகக் கவிழ்த்து, தரையில் படுகிற காலடியிலிருந்துதான் ஆரம்பிப்பாள். அங்கே எந்த மகராசன் குனிந்து பார்க்கப் போகிறான் என்று நான் கேலி செய்வேன். பதில் வராது.

எதற்கு இந்தப் பாடு என்று ஒரு நாள் கேட்டேன். வார்டில் சுவர், கட்டில், கட்டிலோரம் நிற்கிற லாக்கர் எல்லாமே ஒரே சாம்பல் வெள்ளையாம்.

“படுத்திருக்கறவங்க நாள் பூரா அந்த லாக்கரைத்தான் பாத்துட்டு இருக்காங்க. வேற என்ன இருக்கு பாக்க? எனக்கே கண்ணு பசிக்குது” என்றாள்.

முடிந்த சாமான்களைப் படம் எடுத்துப் போனில் போட்டது நான். முதல் படத்துக்கே ஓர் ஆள் ‘எடுத்துக்கிறேன்’ என்று எழுதினார். பேரம் இல்லை, கேள்வி இல்லை. மினி லாரி ஒன்று வந்து ஏற்றிக்கொண்டு போனது. அடுத்ததற்கும் அவரே. பச்சை மேஜை, ரோஸ் அலமாரி, செங்கல் நிறத்தில் ஒரு பெஞ்சு, எல்லாம் அவருக்கே போயின. அண்ணி மனசுக்குள் ஒரு வீட்டையே கட்டிவிட்டாள். பச்சை மேஜை ஜன்னலோரம் இருக்குமாம், அதில் ஒரு பெண் குழந்தை பாடம் எழுதுமாம். ரோஸ் அலமாரி அந்த வீட்டுப் பெரிய மகளுக்காம். அந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள் இருக்கும் என்று என்னிடம் கணக்குக் கேட்பாள். நானும் வெட்கமில்லாமல் நாலு, ஐந்து என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவளுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. வேலையை விட்டுவிடு, இதையே முழுநேரமாகப் பார், வாங்கத்தான் ஆள் இருக்கிறாரே என்று தூபம் போட்டதும் நான்தான். ராஜினாமாக் கடிதத்தை எழுதிக் கொடுத்ததும் நான்தான், என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று. ஆஸ்பத்திரி வேலையை ஒரு தடவை விட்டால் விட்டதுதான். அந்த இடத்துக்கு வெளியே ஐம்பது பேர் காத்திருக்கிறார்கள்.

கடிதம் கொடுக்க வேண்டிய நாள் வந்தது. இரண்டு மணிக்கு டியூட்டி. காலையில் பத்தொன்பதாவது சாமானுக்கு லாரி வந்தது. மஞ்சள் நிறத்தில், முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த ஒரு மேஜை, பார்த்தால் வாயில் எச்சில் ஊறும், அப்படி ஒரு மஞ்சள். கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு அண்ணி லாரி டிரைவரிடம் போனாள். அந்த வீட்டை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு அப்படியே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுகிறேன் என்றாள். டிரைவர் தலையைச் சொறிந்தார். தூரம் என்றார், வீட்டில் ஆள் இருக்கமாட்டார்கள் என்றார். அவர் மென்று முழுங்கியதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தேன்.

லாரி நின்ற இடத்தில் வீடு இல்லை. தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. வாசலில் ஒரு குப்பைக் குவியல், என் இடுப்பு உயரம்.

நான் அதைத் தாண்டிப் போய்விட்டேன். அண்ணி போகவில்லை. திரும்பிப் பார்த்தால் குவியல் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். குவியல் முழுக்கச் சுருள் சுருளாகப் பெயிண்ட் தோல். பச்சை, ரோஸ், செங்கல். கீழே மங்கிப்போய், மேலே புதுசாக. அவள் ஒரு பச்சைச் சுருளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். மஞ்சளையும் நீலத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக மாற்றி மாற்றி அடித்துப் பார்த்து, மூன்று வாரம் கழித்து அவளுக்குக் கிடைத்த பச்சை அது.

உள்ளே ஒருத்தி மூக்கில் துணி கட்டிக்கொண்டு ரோஸ் அலமாரியின் முதுகில் சூட்டை ஊதுகிற ஹீட் கன்னைப் பிடித்திருந்தாள். சூட்டில் பெயிண்ட் கொப்பளிக்க, இன்னொரு கையால் சுரண்டினாள். மற்ற பக்கமெல்லாம் ஏற்கெனவே வெறும் மரம். பெரிய மகளின் அலமாரி, தோல் உரித்த மாதிரி நின்றது. எங்களைச் சாமான் வாங்க வந்தவர்கள் என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது. கேட்காமலே புலம்ப ஆரம்பித்தாள்.

“மத்தவங்க அடிச்சதெல்லாம் வாழைப்பழத் தோல் மாதிரி வந்துடும்க்கா. இது எவளோ ஒரு கிறுக்கி அடிச்சது. ஒண்ணுக்கு ரெண்டு நாள் ஆகுது எனக்கு. தோள்பட்டை விட்டுப்போச்சு. காலுக்கு அடியிலகூட அடிச்சு வெச்சிருக்கா, பாருங்களேன்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அவள் வாயிலேயே ஒன்று போட்டிருப்பேன். அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் எதுக்கு இதையே வாங்குகிறீர்கள் என்று கேட்டாள், யாரோ ஒருவரின் சாமானைப் பற்றிக் கேட்பதுபோல.

“மரம்க்கா. பொறுக்கி எடுக்கறதுல அவ ராணி. மூட்டெல்லாம் கல்லு மாதிரி பண்ணி அனுப்புவா. நாங்க சுரண்டிப் பாலிஷ் போட்டாப் போதும், பெரிய பெரிய வீட்டுக்குப் போயிடும். அந்தப் பெயிண்ட் மட்டும் இல்லேன்னா அவளுக்குக் கோயிலே கட்டுவேன்.”

“அந்தக் கிறுக்கி நான்தான்” என்றாள் அண்ணி.

அந்தப் பெண்ணின் கை அப்படியே நின்றுவிட்டது. ஹீட் கன் நிற்கவில்லை. மரம் கருகி ஒரு ரூபாய் அளவுக்குப் புகைந்தபிறகுதான் அவள் பதறி அதை அணைத்தாள். மூக்குத் துணியை இறக்கினாள். அண்ணி வயதுதான் இருக்கும். மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அண்ணியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“காலடியில ஏன்க்கா அடிச்சீங்க? அங்க யாரு பாக்கப்போறா?”

நான் வருஷக்கணக்காகக் கேட்டுப் பதில் வராத கேள்வி. இவளுக்குப் பதில் வந்தது.

“தரை துடைக்கறப்போ தண்ணி படும்ல. அடிக்கால் ஊறிட்டா அப்புறம் எல்லாமே போச்சு.”

அந்தப் பெண் மெதுவாகத் தலையாட்டினாள். அவளுக்குப் புரிந்தது எனக்குப் புரியாமல் போனதே என்று இன்றைக்கும் எனக்கு ஆற்றாமை.

அத்தனை சாமானையும் வாங்கிய அந்தக் கொட்டகைக்காரர் வந்தார். நாங்கள் யார் என்று டிரைவர் அதற்குள் அவர் காதைக் கடித்திருந்தார். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். நல்ல சேதி சொல்கிறவர் மாதிரி முகமெல்லாம் மலர்ந்து, இனிமேல் பெயிண்டே அடிக்க வேண்டாம், பொறுக்கி மூட்டு சரிபண்ணி வெறும் மரமாகவே அனுப்புங்கள், அதே விலை தருகிறேன், உங்களுக்கும் வேலை மிச்சம், இந்தம்மாவுக்கும் தோள் மிச்சம் என்றார். மாடு மேய்த்த மாதிரியும் ஆயிற்று, மச்சானுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆயிற்று என்கிற கணக்கு. அண்ணி கேட்டுக்கொண்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். மஞ்சள் மேஜையை மட்டும் இறக்க வேண்டாம், எங்கள் வீட்டிலேயே திரும்பப் போட்டுவிடுங்கள் என்று டிரைவரிடம் சொன்னாள்.

பஸ்ஸில் அவள் அழவில்லை. நான்தான் அழுதேன். நான்தானே தூபம் போட்டேன், கடிதம் எழுதினேன், நாலு பிள்ளை ஐந்து பிள்ளை என்று கதை அளந்தேன். இப்போது வேலையை விட்டால் சுரண்டுகிறவர்களுக்கு மரம் பொறுக்கிக் கொடுத்துக் காலம் தள்ள வேண்டும். விடாவிட்டால் முழங்கால். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி, வெளியே நில் என்று சொல்லிவிட்டுத் தலைமை நர்ஸின் அறைக்குப் போனாள். கதவு மூடியது. கால் மணி நேரம் கழித்து வந்தாள்.

“குடுத்துட்டியா?”

“இல்ல. வேற ஒண்ணு கேட்டேன்.”

கேட்டது வார்டு லாக்கர்களை. துருப்பிடித்த முப்பத்திரண்டு இரும்பு லாக்கர். தன் லீவு நாளில், தன் செலவில், நிறம் தன் இஷ்டம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கொட்டகையில் வந்த அதிர்ச்சி ஒரு மாதிரி, இது வேறு மாதிரி. அடி பைத்தியமே, சம்பளம் இல்லாத வேலையைக் கேட்டு வாங்கினாயா என்று அங்கேயே கத்தினேன்.

“அங்க சுரண்ட ஆள் இல்ல” என்றாள்.

ஆஸ்பத்திரிச் சாமான்களுக்குப் பொறுப்பான ஸ்டோர்காரர் சாம்பல் வெள்ளை தவிர வேறு நிறம் கூடாது என்று மாதக்கணக்கில் ஒற்றைக்காலில் நின்றார். சரி, மூலையில் ஒன்றே ஒன்று அடித்துப் பார்க்கட்டும் என்று தலைமை நர்ஸ் சொன்னார். அடித்தாள். அந்த மூலைக் கட்டில்தான் வேண்டும் என்று இரண்டு நோயாளிகள் சண்டை போட்டு, ஒருவருக்குச் சொருகியிருந்த ஊசி பிடுங்கிக்கொண்டது. அதற்குப்பின் ஸ்டோர்காரர் வாயைத் திறக்கவில்லை.

அண்ணி ஒன்றும் ஏமாளி இல்லை. கொட்டகைக்காரருக்கு வெறும் மரமாகவே அனுப்புகிறாள். அந்தப் பணத்தில்தான் லாக்கர்களுக்கு டப்பா வாங்குகிறாள். சுரண்டுகிறவன் காசிலேயே பூசுகிறாள். முழங்காலுக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. உட்கார்ந்து அடிக்க ஒரு முக்காலி செய்துகொண்டாள், அவ்வளவுதான்.

போன மாதம் எனக்குப் பித்தப்பையில் கல். அதே வார்டில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஆபரேஷன் மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்தால் முகத்துக்கு நேரே மஞ்சள். அந்தக் கண்ணாடி மேஜையின் மஞ்சள். வயிறெல்லாம் ரணம், வாயெல்லாம் கசப்பு, அந்த மஞ்சளை மட்டும் கண் விடவே இல்லை. நாள் பூரா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு என்ன இருக்கிறது பார்க்க?

சாயங்காலம் யாரும் கவனிக்காத நேரத்தில் கையை நீட்டி லாக்கரின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். வரவில்லை. அழுத்திச் சுரண்டினேன், நகம்தான் மடங்கியது. அதற்குள் அண்ணி மாப்பை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பார்த்தாளோ இல்லையோ தெரியாது. லாக்கரின் கால்களைச் சுற்றித் தண்ணீர் விட்டுத் துடைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

குனிந்து காலடியில் என்ன நிறம் என்று பார்க்க ஆசையாக இருந்தது. தையல் விடவில்லை.