படத்தில் விட்டுப்போன லாட்ஜ்

போன வாரம் காஞ்சனா வீட்டுப் படியை இடித்துவிட்டார்கள். காரணம்... ஒரு பென்சில் படம்!

காஞ்சனா எங்கள் தெருவின் பிளவுஸ் டெய்லர். புத்தூர்ப் பக்கத்திலிருந்து திருப்பதிக்கு வாக்கப்பட்டு வந்தவள். வீட்டுக்கு இருக்கும் ஒரே வாசல், ஒடுங்கிய சாக்கடைக் கால்வாய் ஒன்றைப் பார்த்தபடி இருக்கிறது. மாமனார் கட்டிய கல்படியில் ஏறித்தான் தைக்கக் கொடுப்பவர்கள் உள்ளே வர வேண்டும். அடுத்த கட்டடம் ஒரு லாட்ஜ். அதன் தூண்கள் பாதிக் கால்வாயை அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

சில மாதங்களுக்கு முன் சென்னையிலிருந்து ஓர் ஓவியர் வந்தார். எதிர்க்கரையில் உட்கார்ந்து வரைந்தார். ஓட்டுச் சரிவு, மர ஜன்னல், விளக்கு மாடம், காஞ்சனாவின் படி, படியில் போட்ட கோலம் — அத்தனையும் இருந்தது. சாக்கடை கூட ஆறு மாதிரி தெரிந்தது! அவளுக்கும் ஒரு பிரதி கொடுத்தார். அவள் பிரேம் போட்டு, பெருமாள் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவிட்டாள்.

பிறகு கால்வாயை அகலப்படுத்த அளக்க வந்தார்கள். அதிகாரி வந்தால் வீட்டில் இருக்கும் நல்லதையெல்லாம் எடுத்துக் காட்டுவது நம் பழக்கம் அல்லவா? காஞ்சனா படத்தோடு ஓடினாள்.

“பாருங்க சார், எங்க மாமனார் கட்டின படி. இன்னா அழகா கீது! மெட்ராஸ்லேர்ந்து வந்து வரைஞ்சிக்கினு போனாங்க.”

அதிகாரி ரசித்துப் பார்த்தார். “பாகுந்தம்மா, நல்லாவே இருக்கு... ஆனா படி கால்வாய்க்குள்ள நிக்குதே? நீயே காட்டிட்ட.”

“அப்போ அந்த லாட்ஜு?”

“லாட்ஜா? எங்க இருக்கு? இதுல லாட்ஜே லேதே!”

தலையை நிமிர்த்தினால் எதிரே லாட்ஜ். அந்தத் தலை நிமிரவே இல்லை. ஏன் நிமிரவில்லை என்பது உங்களுக்குத் தெரியாததா?

நான் காஞ்சனாவிடம் நம்பர் வாங்கினேன். ஓவியருக்கு போன் போட்டேன். “லாட்ஜ் வந்தா படமே அசிங்கமாயிடும் சார்... அதான் விட்டுட்டேன்” என்றார். கோபப்படவும் முடியவில்லை. நம் கல்யாண ஆல்பங்களில் எங்காவது எச்சில் இலைக் குவியல் இருக்கிறதா? அசிங்கத்தை விட்டுவிட்டுப் பார்ப்பதில் நாம் எல்லோருமே கைதேர்ந்தவர்கள்தான்.

நடந்ததைக் கேட்டு அவர் பதறிப்போனார். லாட்ஜையும் சேர்த்து மறுபடி வரைந்து தருவதாகச் சொன்னார். அதைச் சொல்லக் காஞ்சனா வீட்டுக்குப் போனேன். படி இருந்த இடத்தில் ஒரு பலகை ஆடிக்கொண்டிருந்தது. தைக்க வந்த ஒரு பெண், அதில் கால் வைக்கப் பயந்து, துணிப் பையோடு திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

காஞ்சனா என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பா அது?

“வேணாம்ணா. இப்போ வரைஞ்சா லாட்ஜு இருக்கும்... எங்க படி இருக்காதே!”