ஃபிளாப்பியின் நெற்றி

விஜயதசமி, சனிக்கிழமை. காலை ஆறு இருபதுக்கு முதலில் கண்ணில் பட்டவை பதின்மூன்று ஃபிளாப்பிகள். சாமி படத்துக்கு முன்னால், அரிவாள்மணைக்கும் சைக்கிள் பம்புக்கும் நடுவே, ஒவ்வொன்றிலும் சந்தனமும் குங்குமமுமாக வரிசையில் இருந்தன. முந்தைய நாள் ஆயுத பூஜையில் மனைவி வைத்தவை.

அவற்றில் இருந்தது விண்டோஸ். மேற்குத் தாம்பரத்தில் வீட்டிலிருந்தபடியே பள்ளி ஆண்டு மலர்களுக்குக் கம்ப்யூட்டரில் பக்கம் அமைத்துக் கொடுப்பது அப்போது என் தொழில். பெருங்களத்தூர் அச்சகம் விண்டோஸுக்கு மாறியிருந்தது. திங்கட்கிழமைக்குள் அதில் பக்கங்கள் வராவிட்டால் மலர் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

எங்களோடு தங்கிக் கல்லூரிக்குப் போய்வந்த மனைவியின் தம்பி, கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த பழைய டாஸின் கட்சி. அவனுடைய கார் பந்தயம் டாஸில்தான் வேகமாக ஓடும். கம்ப்யூட்டரில் இரண்டுக்கும் இடமில்லை.

"டாஸுக்கு என்ன மாமா குறைச்சல்? டைப் அடிச்சா எழுத்து வருது, ஓட்டினா கார் ஓடுது."

"உன் கார் ஓடினா நம்ம வீட்ல அடுப்பு எரியாதுடா."

நல்ல நேரம் பார்த்து டாஸை அவனே அழித்தான், பந்தயத்தையும் சேர்த்து. முகத்தில் தியாகியின் களை. இரண்டு ஃபிளாப்பிகள் ஏறின. மூன்றாவது உள்ளே போய்க் கரகரத்து நின்றது. வெளியே இழுத்தால், அதன் ஓரத்து உலோகத் தகட்டில் பாதிப் பொட்டுதான் இருந்தது. மீதி டிரைவுக்குள். இப்போது கம்ப்யூட்டரில் பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

"தகட்டு மேலயா பொட்டு வைப்ப, அக்கா?"

"நீதானேடா சொன்ன? எங்க வைக்கட்டும்னு கேட்டேன். பளபளன்னு இருக்கே, அதான் நெத்தின்னு காட்டின."

"அப்ப நான் கிரிக்கெட் பாத்துட்டிருந்தேன்."

"டாஸ் கட்சியோட சதி," என்றேன்.

"சதி பண்றவன் சொந்தக் காரையா மாமா கொளுத்துவான்?"

பதிலில் நியாயம் இருந்தது. டிரைவைக் கழற்றி, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். மனைவி மற்ற ஃபிளாப்பிகளின் நெற்றிகளை ஊக்கால் சுரண்டினாள். மூன்றாவது மட்டும் தேறவில்லை. அதற்கு ஒரு நகல் வாங்கி வர, பெருங்களத்தூருக்கு அவனே பஸ் ஏறினான். அச்சகத்திலும் பூஜை போட்டிருந்தார்களாம். அங்கே பொட்டு, ஃபிளாப்பிகள் இருந்த அட்டைப் பெட்டியின் மேல் இருந்ததாம்.

மாலை நாலரைக்கு விண்டோஸ் ஏறி முடிந்தது. ஞாயிறு முழுவதும் நான் பக்கம் அமைத்தேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்து பிழை பார்த்தான்.

திங்கட்கிழமை பத்தே முக்காலுக்கு மலர் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது.